வெளிநாட்டு இணைய நிறுவனத்தோடு தகராறு: எங்கே வழக்குத் தொடுப்பது?

பல ஆண்டுகளாகச் சேர்த்த படங்களும் கடிதங்களும் இருக்கும் கணக்கு ஒரே இரவில் முடக்கப்படுகிறது. ரத்து செய்துவிட்ட சந்தாவுக்கு மாதாமாதம் பணம் பிடிக்கப்படுகிறது. யாரோ ஒருவர் உங்கள் பெயரில் போலிப் பக்கம் திறந்து அவதூறு எழுதுகிறார். முறையிட்டால் தானியங்கிப் பதில்தான் வருகிறது. சேவை உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. நிறுவனமோ கலிஃபோர்னியாவிலோ டப்ளினிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறது. இவர்கள்மீது எங்கே வழக்குப் போடலாம் என்று வாசகர்கள் தொடர்ந்து கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ளச் சொல்வேன்: தீர்ப்பு கிடைத்தால் அதை எங்கே நிறைவேற்றப் போகிறீர்கள்? வெளிநாட்டு நிறுவனத்தை விசாரிக்கத் தனக்கு அதிகார வரம்பு உண்டு என்று சொல்ல இன்று பல நாட்டு நீதிமன்றங்கள் தயங்குவதில்லை. தீர்ப்பு நகலோடு வெளியே வந்த பிறகுதான் பெரும்பாலோர் திகைத்து நிற்கிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

உங்களுக்கு வேண்டியது எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பணமா, கணக்கா, ஒரு பதிவின் நீக்கமா, உங்கள் தகவல்களை அவர்கள் அழிப்பதா? பணத்துக்கு ஏற்ற மன்றம் பதிவு நீக்கத்துக்கு உதவாமல் போகலாம்.

அடுத்தது, அந்த மன்றத்தின் கை எட்டும் தூரத்தில் நிறுவனத்துக்கு என்ன இருக்கிறது என்பது. துணை நிறுவனம், வங்கிக் கணக்கு, விளம்பர வருவாய், ஊழியர்கள், இழக்க விரும்பாத சந்தை: இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். எல்லா அளவுகோல்களிலும் இதற்கே நான் அதிக எடை கொடுக்கிறேன்.

மூன்றாவது, மன்றம் எந்த நாட்டுச் சட்டத்தைப் பொருத்தும் என்பது. வழக்கு நடக்கும் இடமும் வழக்குக்குப் பொருந்தும் சட்டமும் ஒன்றாகவே இருக்கும் என்பதில்லை. பிறகு செலவும் காலமும். கடைசியாக, நீங்கள் நுகர்வோரா, வணிகரா? நுகர்வோருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பில் பெரும்பகுதி, அதே சேவையை வியாபாரத்துக்காக வாங்கியவருக்குக் கிடைக்காது.

## முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

சேவை விதிமுறைகள் என்ற நீண்ட பக்கத்தின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். ‘தகராறுகள்’ என்றோ ‘பொதுவானவை’ என்றோ ஒரு தலைப்பு இருக்கும். அதன் கீழ் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

ஒப்பந்தம் எந்த நிறுவனத்தோடு என்பது ஒன்று. சின்னம் ஒன்றாக இருந்தாலும், நீங்கள் வாழும் நாட்டைப் பொறுத்து எதிர்த்தரப்பு அமெரிக்கத் தாய் நிறுவனமாகவோ அயர்லாந்து, சிங்கப்பூர்த் துணை நிறுவனமாகவோ இருக்கும். தவறான நிறுவனத்தின் பெயரில் வழக்குப் போட்டால் மாதங்கள் வீணாகும். எந்த நாட்டுச் சட்டம், எந்த மன்றம் என்பவை அடுத்த இரண்டு. குறிப்பிட்ட நீதிமன்றத்தில் மட்டுமே வழக்குத் தொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார்களா, நீங்கள் வாழும் நாட்டின் கட்டாய நுகர்வோர் சட்டங்கள் பாதிக்கப்படாது என்று விலக்கு தந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த விலக்கு இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. நான்காவது, இழப்பீட்டு உச்சவரம்பு. கடந்த பன்னிரண்டு மாதங்களில் நீங்கள் செலுத்திய தொகைக்கு மேல் பொறுப்பில்லை என்று பல நிறுவனங்கள் எழுதுகின்றன. இலவசச் சேவை என்றால் அது கிட்டத்தட்ட எதுவுமில்லை என்றாகிவிடும்.

ஒரே சொடுக்கில் சம்மதம் வாங்கிக்கொண்டு, தகராறு வந்ததும் கடல் தாண்டி வரச் சொல்வதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. பல நீதிமன்றங்களும் ஏற்கவில்லை.

## வழி 1: வங்கி

அட்டையில் செலுத்திய பணம்தான் பிரச்சினை என்றால் நீதிமன்றத்தை நினைப்பதற்கு முன் வங்கிக்கு எழுதுங்கள். சேவை கிடைக்கவில்லை, ரத்து செய்த பிறகும் பணம் பிடித்தார்கள் என்பது போன்ற காரணங்களுக்கு, அட்டை வழங்கிய வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கோரலாம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள் அவகாசம் உண்டு. இதில் அதிகார வரம்பு என்ற பேச்சே எழாது. பிரிட்டனில் இன்னும் ஒரு படி மேல்: 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ளவற்றைக் கடன் அட்டையில் வாங்கினால் விற்றவரோடு வங்கியும் பொறுப்பு. வெளிநாட்டில் நடந்த வாங்கலுக்கும் இது பொருந்தும் என்று, அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2007இல் தீர்ப்பளித்தது.

இங்கே மறைந்திருக்கும் செலவு உங்கள் கணக்கு. பணத்தை இப்படித் திரும்பப் பெறுகிறவரின் கணக்கையே முடக்கும் நிறுவனங்கள் உண்டு. அதில் வாங்கி வைத்த விளையாட்டுகள், நூல்கள், சேமித்த கோப்புகள் எல்லாம் போய்விடலாம். விண்ணப்பிக்கும் முன் தரவைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

## வழி 2: நீங்கள் வாழும் நாட்டின் நீதிமன்றம்

ஒரு தளம் உங்கள் நாட்டில் திறக்கிறது என்பது மட்டும் பொதுவாகப் போதாது. டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் பன்யன் ட்ரீ வழக்கில் இதைத்தான் சொன்னது: அந்தப் பகுதி மக்களோடு வணிகம் செய்யும் நோக்கத்தோடு நிறுவனம் செயல்பட்டதைக் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2010இல் சில அடையாளங்களைப் பட்டியலிட்டது: வாடிக்கையாளரின் மொழி, நாணயம், நாட்டுக் குறியீட்டோடு கூடிய தொலைபேசி எண், அந்நாட்டு இணைய முகவரி, தேடுபொறி விளம்பரச் செலவு. ஆகவே கட்டண ரசீதில் உங்கள் நாணயம் இருக்கிறதா, உள்நாட்டு வரி சேர்த்திருக்கிறார்களா, உங்கள் மொழியில் விளம்பரம் செய்தார்களா என்று பார்த்து, ஒவ்வொன்றையும் படமெடுத்து வையுங்கள். அதிகார வரம்பை நிலைநாட்டும் சாட்சியம் இவைதான்.

ஒப்பந்தத்தில் வேறு நாட்டுச் சட்டம் எழுதியிருப்பதைக் கண்டு துவள வேண்டாம். ஸ்டீம் விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், தன் ஒப்பந்தத்துக்கு வாஷிங்டன் மாநிலச் சட்டமே பொருந்தும், தான் ஆஸ்திரேலியாவில் வணிகம் நடத்தவில்லை என்று வாதிட்டது. அந்நாட்டில் அதற்கு ஏறத்தாழ 22 லட்சம் கணக்குகள் இருந்தன, சர்வர்களும் இருந்தன. நீதிமன்றம் வாதத்தை ஏற்கவில்லை. 2016இல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. கனடா உச்ச நீதிமன்றம் 2017இல், பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த ஒரு பெண் ஃபேஸ்புக்மீது தொடுத்த தனியுரிமை வழக்கில், கலிஃபோர்னியாவுக்குத்தான் போக வேண்டும் என்ற விதியை நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் ஒதுக்கியது. இரு தரப்புக்கும் பேரம் பேசும் வலிமையில் இருந்த ஏற்றத்தாழ்வு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகர்வோர் தன் வசிப்பிடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். எதிர்த்தரப்பு ஒன்றியத்துக்கு வெளியே இருந்தாலும் சரி. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் தர வழிசெய்கிறது. 2020இல் வந்த மின்வணிக விதிகள், இந்தியாவில் நிறுவப்படாமல் இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து பொருளோ சேவையோ வழங்கும் நிறுவனங்களுக்கும் பொருந்தும். அமெரிக்காவின் போக்கு வேறு. அங்கே கப்பல் பயண டிக்கெட்டில் அச்சிட்டிருந்த மன்ற விதியையே, அதாவது எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம் என்ற விதியையே, பயணிக்கு எதிராக 1991இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவுகள். முதலாவது அழைப்பாணை. வெளிநாட்டில் இருக்கும் எதிர்வாதிக்கு அதை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு முடிந்தது என்று பொதுவாக இருக்க முடியாது. 1965ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருந்தால், உங்கள் நீதிமன்றம் அந்நாட்டின் மைய அதிகார அமைப்புக்கு அனுப்பும். அது நிறுவனத்துக்குச் சேர்ப்பிக்கும். சான்றிதழ் திரும்பி வரும். தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பும் சேர வேண்டும். சான்றிதழ் வராவிட்டால் ஆறு மாதமாவது காத்திருந்துதான் நீதிமன்றம் மேலே போக முடியும்.

உள்ளூர்த் துணை நிறுவனத்திடம் கொடுத்துவிடலாமே என்றால், தாங்கள் விளம்பரம் மட்டுமே விற்கிறோம், சேவையை நடத்துவது தாய் நிறுவனம் என்று பதில் வரும். ஸ்பெயினில் கூகுளும் இதையே சொன்னது. 2014இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: விளம்பர விற்பனையும் தேடுபொறியும் பிரிக்க முடியாதவை, ஆகவே உள்ளூர் அலுவலகம் இருப்பதே ஒன்றியத்தின் தரவுச் சட்டத்தைப் பொருத்தப் போதும் என்றது. எல்லா நாட்டு நீதிமன்றங்களும் அப்படிப் பார்ப்பதில்லை. முடிந்தால் இரண்டு நிறுவனங்களையும் எதிர்வாதிகளாகச் சேருங்கள்.

இரண்டாவது, நிறைவேற்றம். நிறுவனம் வராமல் இருந்து நீங்கள் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்கினால், அதை அமெரிக்காவில் பணமாக்க அங்கே தனி வழக்குப் போட வேண்டும். எங்களை விசாரிக்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்ற வாதத்தை நிறுவனம் அங்கே முதன்முறையாக எழுப்பும். அதனால் உங்கள் நீதிமன்றம் தன் அதிகார வரம்புக்கான காரணங்களைத் தீர்ப்பிலேயே விரிவாக எழுதும்படி வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள். தீர்ப்புகளை நாடுகள் பரஸ்பரம் ஏற்பதற்கான 2019ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை 2023 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2025 ஜூலையில் பிரிட்டனிலும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் அவதூறு, தனியுரிமை, அறிவுசார் சொத்து மூன்றும் அதன் வரம்புக்கு வெளியே. இணையத் தகராறுகளில் பெரும்பங்கு இவைதானே!

அவதூறு வழக்கில் சுவர் இன்னும் உயரம். அமெரிக்கா 2010இல் இயற்றிய சட்டம், தன் பேச்சுரிமைத் தரத்துக்கு ஒவ்வாத வெளிநாட்டு அவதூறுத் தீர்ப்புகளை நிறைவேற்ற மறுக்கிறது. யாஹூ தளத்தில் நாஜிப் பொருள்கள் ஏலம் விடப்பட்டதை எதிர்த்து 2000இல் பாரிஸ் நீதிமன்றம் நாளுக்கு ஒரு லட்சம் ஃபிராங்க் அபராத எச்சரிக்கையோடு உத்தரவிட்டபோது, யாஹூ கலிஃபோர்னியாவில் எதிர் வழக்குப் போட்டது. அதே விளையாட்டு 2017இலும் நடந்தது: தேடல் முடிவுகளை உலகெங்கும் நீக்கச் சொன்ன கனடா உச்ச நீதிமன்ற உத்தரவை, சில மாதங்களில் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் அமெரிக்காவுக்குள் செல்லாது என்றது. உங்கள் நாட்டுக்குள் பதிவு தெரியாமல் இருந்தால் போதும் என்றால் உள்நாட்டு நீதிமன்றம் நல்ல இடம். உலகம் முழுதும் நீங்க வேண்டும் என்றால் நீண்ட போருக்குத் தயாராகுங்கள்.

## வழி 3: நிறுவனத்தின் சொந்த மண்

இங்கே நிறைவேற்றச் சிக்கல் இல்லை. சொத்து அங்கேயே இருக்கிறது. உத்தரவைப் புறக்கணிக்க முடியாது. பெருந்தொகை சம்பந்தப்பட்ட வணிகத் தகராறுக்கும், ஒப்பந்தத்தில் தனி மன்றம் குறித்துவிட்ட வணிகருக்கும் பெரும்பாலும் இதுவே வழி.

சாதாரண மனிதருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். காரணம் வழக்கறிஞர் கட்டணம் மட்டுமல்ல. போகும் இடத்தின் சட்டமும் சேர்ந்து வரும். அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230ஆம் பிரிவு, பிறர் எழுதியதற்குத் தளத்தை வெளியீட்டாளராகக் கருத இடம் தராது. உங்கள் நாட்டில் வெல்லக்கூடிய வழக்கு அங்கே வாசலிலேயே தள்ளுபடியாகும். வென்றாலும் அமெரிக்காவில் வழக்கறிஞர் செலவு பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. இங்கிலாந்தில் தோற்றவர் மற்றவரின் செலவையும் சுமக்க வேண்டும். வெளிநாட்டு வாதியிடம் செலவுக்கு ஈடாக முன்பணம் கட்டச் சொல்லும் அதிகாரமும் பல இடங்களில் உண்டு.

ஒரு நடுவழி இருக்கிறது, பலர் அறியாதது. வழக்கை உங்கள் நாட்டில் நடத்திக்கொண்டே, அமெரிக்க நிறுவனத்திடமிருந்து சாட்சியத்தை மட்டும் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் வழியாகக் கேட்கலாம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 28ஆம் தலைப்பில் உள்ள 1782ஆம் பிரிவு வெளிநாட்டு வழக்காளிகளுக்கு இதை அனுமதிக்கிறது. பெயர் மறைத்து அவதூறு எழுதியவர் யார் என்பதே உங்கள் கேள்வி என்றால், தளத்தோடு மோதுவதைவிட இது பயனுள்ளது.

## வழி 4: நடுவர் மன்றம்

நீதிமன்றத்துக்குப் பதிலாக, ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டபடி தனியார் நடுவர் ஒருவரோ சிலரோ விசாரித்துத் தீர்ப்பளிப்பதுதான் நடுவர் மன்றம். நடுவர் தீர்ப்புக்கு உள்ள பெரிய வலிமை, அத்தகைய தீர்ப்புகளை நாடுகள் ஏற்பதற்கான 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை. 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருப்பதால், நீதிமன்றத் தீர்ப்பைவிட நடுவர் தீர்ப்பு எளிதாக எல்லை தாண்டும். இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான தகராறுக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

தனி மனிதருக்குச் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும். ஊபர் ஓட்டுநர் ஒப்பந்தத்தில் ஆம்ஸ்டர்டாமில் நடுவர் விசாரணை என்று எழுதியிருந்தது. அதைத் தொடங்கவே 14,500 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். வழக்குப் போட்ட ஓட்டுநரின் வார வருமானமோ சில நூறு டாலர்கள். 2020இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்த விதி மனச்சாட்சிக்கு ஒவ்வாதது, செல்லாது என்றது. உங்கள் ஒப்பந்தத்தில் கட்டணத்தை நிறுவனமே ஏற்கும் என்று எழுதியிருந்தால் கணக்கு மாறும். சில நிறுவனங்கள் கணக்கு தொடங்கிய 30 நாளுக்குள் இந்த விதியிலிருந்து விலக அனுமதிக்கின்றன; விலகிவிடுவது நல்லது. நடுவர் முடிவுக்கு வழக்கமான மேல்முறையீடு கிடையாது என்பதையும் மறக்காதீர்கள்.

## வழி 5: ஒழுங்குமுறை அமைப்புகள்

வால்வ்மீது வழக்குப் போட்டது எந்தத் தனிநபரும் அல்ல, ஆஸ்திரேலியாவின் போட்டி, நுகர்வோர் ஆணையம். இந்த வழியின் பலமும் அதுதான்: செலவு அரசுடையது. உங்கள் ஒப்பந்தத்தின் மன்ற விதி ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. தகவல் தொடர்பான குறைகளுக்கு இதுவே முதல் வழி. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீங்கள் வாழும் நாட்டிலேயே புகார் தரலாம். ஆனால் நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமையகம் அயர்லாந்தில் இருந்தால் விசாரணையை அந்நாட்டு ஆணையம் முன்னின்று நடத்தும், ஆண்டுகள் ஆகும். 2023இல் மெட்டாவுக்கு 120 கோடி யூரோ அபராதம் விதித்தது அந்த ஆணையம்தான். அபராதத்தில் ஒரு யூரோகூடப் புகார்தாரருக்கு வராது; இழப்பீட்டுக்குத் தனி வழக்கு வேண்டும்.

இங்கேயும் கை எட்டும் தூரம் முக்கியம். முக அடையாளத் தரவு திரட்டும் கிளியர்வியூ நிறுவனத்துக்கு இத்தாலி, கிரீஸ், ஃபிரான்ஸ் மூன்றும் 2022இல் தலா 2 கோடி யூரோ அபராதம் விதித்தன. உத்தரவுக்கு இணங்காததால் அடுத்த ஆண்டே ஃபிரான்ஸ் மேலும் 52 லட்சம் யூரோ விதிக்க வேண்டிவந்தது. நிறுவனத்துக்கு ஐரோப்பாவில் அலுவலகம் இல்லை. பிரேசிலில் நேர் எதிர்: உள்நாட்டுச் சட்டப் பிரதிநிதி இல்லாத எக்ஸ் தளத்தை 2024 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி முடக்கினார். பிரதிநிதியை நியமித்து அபராதம் கட்டிய பிறகே அக்டோபர் 8 அன்று தளம் திறந்தது. சந்தையைப் பூட்டும் சாவி அரசிடம் இருக்கும்போது நிறுவனம் வழிக்கு வருகிறது.

முடக்கப்பட்ட கணக்குக்கும் நீக்க வேண்டிய பதிவுக்கும் சிறிய வாசல்கள் உண்டு. இந்தியாவில் சமூக வலைத்தளத்தின் குறைதீர் அலுவலர் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையவழி முறையிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சான்று பெற்ற வெளித் தீர்வு அமைப்புகள் இருக்கின்றன. அவற்றின் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும் செலவு மிகக் குறைவு.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்கு ஏற்றது | மறைந்திருக்கும் செலவு | கை எட்டுமா |
|---|---|---|---|
| வங்கி | அட்டையில் போன பணம் | கணக்கு முடங்கலாம் | எட்டும், காலவரம்புக்குள் |
| உள்நாட்டு நீதிமன்றம் | நுகர்வோர் இழப்பு, உள்நாட்டில் பதிவு நீக்கம் | அழைப்பாணைத் தாமதம், வெளிநாட்டில் மறுவழக்கு | உள்ளூரில் சொத்தோ சந்தையோ இருந்தால் |
| நிறுவனத்தின் நாடு | பெருந்தொகை, வணிக ஒப்பந்தம் | அந்நாட்டுச் சட்டம், வழக்கறிஞர் செலவு | முழுமையாக |
| நடுவர் மன்றம் | நிறுவனங்களுக்கு இடையிலான தகராறு | தொடக்கக் கட்டணம், மேல்முறையீடு இன்மை | பெரும்பாலான நாடுகளில் |
| ஒழுங்குமுறை அமைப்பு | தரவு, பலரைப் பாதிக்கும் முறைகேடு | நீண்ட காலம், உங்களுக்கு இழப்பீடு இல்லை | சந்தை இருக்கும் இடத்தில் |

## ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள்

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் மற்றவை அடைபடும் என்பதில்லை. சந்தா பணம் போனவர் வங்கியில் தொடங்கி, கிடைக்காவிட்டால் உள்நாட்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். போலிப் பக்கத்தால் பாதிக்கப்பட்டவர் உள்நாட்டில் நீக்க உத்தரவும் அமெரிக்காவில் அடையாளத் தகவலும் ஒரே நேரத்தில் கேட்கலாம். நடுவர் மன்றத்தில் கொஞ்சம் கவனம் தேவை: விசாரணையில் முழுமையாகக் கலந்துகொண்ட பிறகு, அந்த விதியே செல்லாது என்று நீதிமன்றத்தில் சொல்வது கடினம். ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டோம் என்று காத்திருப்பதும் ஆபத்து. புகார் நிலுவையில் இருப்பதாலேயே உங்கள் வழக்குக்கான சட்டக் காலவரம்பு நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம்.

முகவரியே இல்லாத நிறுவனம் என்றால் மேலே சொன்ன எதுவும் நேராக உதவாது. அப்போது நிறுவனத்தை விட்டுவிட்டு, அது சார்ந்திருக்கும் இடைநிலையாளர்களைப் பாருங்கள்: இணையச் சேவை வழங்குநர், கட்டணம் வசூலித்துத் தரும் நிறுவனம், செயலிக் கடை, இணைய முகவரியைப் பதிவு செய்தவர். இவர்களில் யாராவது உங்கள் நாட்டு நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருப்பார்கள். பதிப்புரிமை வழக்குகளில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2011இலும் டெல்லி உயர் நீதிமன்றம் 2019இலும், தளத்தை நடத்துபவர் கண்ணில் படாதபோதும், இணையச் சேவை நிறுவனங்களுக்குத் தடையாணை பிறப்பித்திருக்கின்றன. இதனால் தளம் அடைபடும். போன பணம் இந்த வழியில் திரும்பாது. பணம் போனது தெரிந்த அன்றே வங்கிக்கும் இணையக் குற்றப் பிரிவுக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, பெறுநரின் கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.